பச்சை ஜக்கின் கீழ்ப்பாதி

1984ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை, கொக்குவிலில் மனையியல் படிப்பித்த செல்வநாயகி ரீச்சரின் குசினி அலுமாரியில் இருந்த பதினொரு பச்சைக் கண்ணாடிப் பாத்திரங்களும் பலகையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றன. விழவில்லை, ஆடவுமில்லை. ரீச்சர் தூசி துடைக்கப் போனபோது துணி ஒன்றிலும் முட்டாமல் பாத்திரங்களுக்கு அடியால் போய் மறுபக்கம் வந்தது. அப்போதுதான் கவனித்தார். பக்கத்திலிருந்த பீங்கான்களும் எவர்சில்வர் பேணிகளும் இருந்தபடியே இருந்தன. சந்தியில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த அவருடைய கணவர் கனகசபாபதி குனிந்து பார்த்து, அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்து, "முக்கால் அங்குலம்" என்றார். அந்தக் கிழமை வெங்காயம் விலை இறங்கியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார்கள்.

அந்தப் பாத்திரங்களை ரீச்சர் பன்னிரண்டு வருடங்களாகச் சேர்த்திருந்தார். அமெரிக்க மிஷன்காரர் ஒரு காலத்தில் பீப்பாய்களில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்த கண்ணாடி அது. அவர்கள் ஊர் திரும்பும்போது சமையல்காரருக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்மாருக்கும் கொடுத்துவிட்டுப் போனதில், உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துக் குசினிகளில் அது சிதறிக் கிடந்தது. மா பிசையும் கிண்ணம், பட்டர்ப் பெட்டி, கோடு போட்ட அளவுக் கோப்பை என்று எல்லாமே பால் கலந்த பச்சை நிறம். வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பச்சைக் கண்ணாடியும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அது தொட்டால் விளிம்பு கூர்மையாக இருக்கும். கொழும்பில் போத்தல் உருக்கிச் செய்தது நீலத்தில் சாய்ந்திருக்கும். ரீச்சர் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் பக்கவாட்டில் நகத்தை ஓட்டி அச்சின் பொருத்துத் தடத்தைத் தேடுவார். பிறகு பத்து மணி வெயிலில் பிடித்து உள்ளே சோற்றுப்பருக்கையளவு குமிழி நிற்கிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் கவிழ்த்து, வருடக்கணக்காக மேசையில் உரசி அடி வளையம் மங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்ததைக் கொப்பியில் எழுதுவார்.

பாத்திரங்கள் எழும்பிய செய்தி பரவியதும் தங்கள் வீட்டுப் பச்சைக் கண்ணாடி அசலா என்று கேட்கச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். மிஷன் கண்ணாடி என்றால் அந்த அலுமாரிப் பலகையில் வைத்த உடனே எழும்பும். மற்றவை பேசாமல் இருக்கும். தொண்டைமானாற்றிலிருந்து நடராசா என்ற கடற்தொழிலாளி, வலையில் அகப்பட்ட பச்சைக் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கடலில் மிதந்து வந்த சாமான்தானே, காற்றிலும் மிதக்கும் என்று அவர் நம்பினார். அது உருண்டு போய்க் கனகசபாபதியின் காலடியில் நின்றது. "அண்ணை, உது தண்ணியிலை மட்டும் நீச்சல் தெரிஞ்ச ஆள்," என்றார் கனகசபாபதி. ஆனால் ரீச்சர் பலகையின் சொல்லை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. முதலில் தானே பார்த்துச் சொல்வார், பிறகுதான் பலகையில் வைப்பார். ஒன்றரை வருடத்தில் நூற்றிப் பன்னிரண்டு பாத்திரங்களுக்குத் தீர்ப்புச் சொன்னார். ஒன்றில்கூடப் பலகை அவரை மறுக்கவில்லை.

நூற்றிப் பதின்மூன்றாவது ஒரு ஜக். மானிப்பாயில் தேவகுமாரி என்ற விதவை, 1985 ஆவணியில் லண்டனில் இருந்த மகனிடம் போக ஆயத்தமாகிச் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மேசையில் அந்த ஜக்கைக் கண்டதும் செல்வநாயகி ரீச்சர் கேட்காமலே கையில் எடுத்துவிட்டார். நாலு கோப்பை அளவு, பக்கத்தில் நாலு கோடு, எட்டு மூலை, வாயின் உட்புறத்தில் மெல்லிய படி. தடம் சரி, குமிழி சரி, அடி வளையம் சரி. தேவகுமாரி காசு வேண்டாம் என்றார். லண்டனில் கேக் அடிக்க ஒரு கிண்ணம் தந்தால் போதும் என்றார். ரீச்சர் யோசிக்காமல், தன்னிடமிருந்ததில் ஆகப் பெரிய, மிதக்கிற கிண்ணத்தைக் கொடுத்தார். வாயின் படியைத் தடவிக்கொண்டு, "இதுக்கு மேலை வைக்க ஒரு மூடி இருந்திருக்க வேணுமே?" என்று கேட்டார். தேவகுமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "உதுக்கு மூடி இல்லை" என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஜக் எழும்பவில்லை. சாம்பலும் புளியும் போட்டு மூன்று நாள் தேய்த்து, சைவக் குசினிக்கு ஏற்றதாக்கி, பத்துப் பாத்திரங்களுக்கு நடுவே வைத்தார். மற்றவை மிதக்க, அது மட்டும் கல்லுப்போல இருந்தது. இடம் மாற்றி வைத்தார். பொங்கலுக்கு வைத்தார், தீபாவளிக்கு வைத்தார். அதற்குள் ஊரில் கதை போய்விட்டது. சந்தையில் மரக்கறி விற்ற பத்மாவதி, "என்ன ரீச்சர், மிதக்கிறதைக் குடுத்துக் குந்தினதை வாங்கினியளாம்? அது நடந்து வந்த களைப்போ?" என்று கேட்டபோது சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பாத்திரம் கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். ரீச்சருக்கு அது பெரிதில்லை. ஜக் அசலில்லை என்றால் அவருடைய கண் பிழைத்திருக்கிறது. கண் ஒருதடவை பிழைத்திருந்தால் முன்னே சொன்ன நூற்றிப் பன்னிரண்டும் தன்னுடைய தீர்ப்புகள் அல்ல, பலகையினுடையவை. அதுதான் அவரை அரித்தது. கொப்பியில் ஜக்கின் பெயருக்கு எதிரே "அசல்" என்று எழுதியதை அவர் அழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு பாத்திரத்துக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "பலகையிலை வைச்சுப் பாருங்கோ" என்றார்.

87 ஐப்பசியில் ஷெல் விழுந்து கொக்குவில் வீடுகள் எல்லாம் அதிர்ந்தன. பீங்கான்கள் அத்தனையும் உடைந்தன. பச்சைக் கண்ணாடிப் பாத்திரங்கள் பலகையைத் தொடாததால் அவற்றுக்கு அதிர்வு தெரியவில்லை. ஜக்கை மட்டும் ரீச்சர் பங்கருக்குள் மடியில் வைத்திருந்தார். "உம்மடை செல்லப்பிள்ளைக்கு மட்டும்தான் தூக்குக் காவடி," என்றார் கனகசபாபதி இருட்டுக்குள். தொண்ணூறில் ரெயில் நின்றது, மின்சாரம் நின்றது, சவர்க்காரத்தின் விலை யானை விலையானது.

1991 வைகாசியில் ஏரம்பு என்ற முதியவர் பச்சைத் தம்ளர் ஒன்றோடு வந்தார். உடுவிலில் நொத்தாரிசு ஒருவரிடம் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்து காணி, சீதன உறுதிப் பத்திரங்கள் எழுதியவர். தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு அது எழும்புவதைப் பார்க்காமல் ஜக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது பாதியெல்லோ, பிள்ளை," என்றார்.

"என்ன பாதி? கீறல்கூட இல்லை. முழுசாத்தான் இருக்குது."

"இல்லை, பாதி. நான்தானே எழுதினனான்."

கண்ணை மூடிக்கொண்டு, நேற்று எழுதியதுபோல அவர் ஒப்புவித்தார். 1948இல் உடுவில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒருவர் தன் இரண்டு பெண்களுக்கும் சொத்துப் பிரித்தார். காணியிலும் கல்வீட்டிலும் கிணற்றிலும் தண்ணீர் அள்ளும் உரிமையிலும் ஆளுக்குச் சரி அரைவாசி. பதினான்கு பனையில் ஆளுக்கு ஏழு. ஒரு மிஷன் அம்மா கொடுத்துவிட்டுப் போன தேசிக்காய் பிழியும் ஜக்கை இரண்டு பேரும் கேட்டார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளுக்குக் குறை என்று அவர் அதையும் பிரித்தார். "பச்சைக் கண்ணாடி ஜக்கின் கீழ்ப்பாதி மூத்தவள் தேவகுமாரிக்கும், அதன்மேல் வைக்கும் பிழிமூடியாகிய மேற்பாதி இளையவள் வினிபிரட்டுக்கும்." கிணற்றுக்குப் பங்கு எழுதலாம் என்றால் ஜக்குக்கு எழுதக்கூடாதா என்று நொத்தாரிசும் ஒத்துக்கொண்டாராம். அன்று தொடக்கம் அக்காவும் தங்கையும் கதைத்ததில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. ரீச்சர் ஜக்கைச் சேலைத் துணியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்து உடுவிலுக்குப் போனார். வினிபிரட்டுக்கு எழுபத்துமூன்று வயது. கலியாணம் கட்டாதவர். சங்கீதமும் இங்கிலீசும் படிப்பித்து இளைப்பாறியவர். வந்த காரணத்தைக் கேட்டதும் "கண்ணாடியை நான் தரமாட்டன், சொல்லிப்போட்டன். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். தரவேண்டாம், ஒருதடவை காட்டினால் போதும் என்றார் ரீச்சர். வினிபிரட் சாப்பாட்டறை அலுமாரியைத் திறந்தார்.

நடுத்தட்டில் பிழிமூடி இருந்தது. நடுவே வரிவரியான கூம்பு, சுற்றிலும் சாறு ஓடும் வாய்க்கால், அடியில் ஓட்டைகள். அது பலகைக்கு வெகு உயரத்தில் ஒன்றிலும் தொடாமல் நின்றது. "எண்பத்துநாலு பொங்கலுக்கு அடுத்தநாள் எழும்பினது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறகு மேற்பாதி எழும்பினா கீழ்ப்பாதியைக் கேட்பினம்," என்றார் வினிபிரட். ரீச்சர் கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்துப் பலகையிலிருந்து மூடியின் அடிவரை அளந்தார். ஐந்தே முக்கால் அங்குலம். பிறகு துணியை அவிழ்த்து ஜக்கை அடியிலிருந்து வாயின் படிவரை அளந்தார். ஐந்தே முக்கால் அங்குலம். ஜக் சும்மா குந்தியிருக்கவில்லை. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த தன் மேற்பாதியைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. எழும்ப அதற்கு எங்கே நேரம்?

இரண்டு பேருமாக ஜக்கை மூடிக்கு அடியில் தள்ளினார்கள். ஒரு மயிரிழைகூட இடிக்கவில்லை. மெதுவாக ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வினிபிரட் மூடியைத் தடவிப் பார்த்தார். "அக்கா லண்டனிலை எப்படி இருக்கிறாவாம்?" என்று முதல்முறையாகக் கேட்டார். பிறகு முற்றத்துக்குப் போய் இரண்டு தேசிக்காய் பிடுங்கி வந்து, நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கூம்பில் அழுத்திப் பிழிந்தார். ஜக்கில் முதலாம் கோடுவரை சாறு நின்றது. சீனி இல்லாததால் உப்புப் போட்டுக் குடித்தார்கள். மூடியைத் தரவோ ஜக்கை வாங்கவோ வினிபிரட் சம்மதிக்கவில்லை. பப்பா எழுதிய உறுதியை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரீச்சர் கொப்பியை எடுத்து ஆறு வருடத்தில் முதல் தீர்ப்பாக ஏரம்புவின் தம்ளரை எழுதினார். உடுவில் கதையைக் கேட்ட கனகசபாபதி, "ரெண்டு கிழவிகள் பார்த்த சாட்சியை எந்தக் கோர்ட்டிலை எடுப்பினம்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுமாரிக்குள் சொட்டுச் சத்தம் கேட்டது. வெறும் ஜக்கில் முதலாம் கோடுவரை தேசிக்காய்ச் சாறு. பின்னேரம் உடுவிலிலிருந்து ஆள் மூலம் ஒரு துண்டு வந்தது: "இன்றைக்குப் பிழிந்தது ஒரு துளியும் பலகையில் விழவில்லை. அங்கே வந்ததா?" ரீச்சர் பாதியைப் போத்தலில் ஊற்றிக் கனகசபாபதியிடம் கொடுத்தனுப்பினார். பங்கு என்றால் பங்குதான். அதன் பிறகு நாலு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கனகசபாபதி உடுவிலுக்குச் சைக்கிள் மிதித்தார். ஆனாலும் ஜக்கை அசல் என்று அவர் வாயால் சொல்லவில்லை. பத்மாவதியும் சொல்லவில்லை. எங்கேயாவது குழாய் இருக்கும் என்றார்கள்.

1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, கொக்குவில், உடுவில் உட்பட்ட வலிகாமத்துச் சனங்கள் அத்தனை பேரும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதற்கு முதல்நாள் கனகசபாபதி உடுவிலுக்குப் போய் வினிபிரட்டைக் கூப்பிட்டார். "எனக்கு முழங்கால் இல்லை, தம்பி. கர்த்தரும் கிணறும் இருக்கினம். நீங்கள் போங்கோ," என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கையில் ஒரு சாமான்தான் கொண்டுபோகலாம் என்றபோது ரீச்சர் ஜக்கை எடுத்தார். "மிதக்கிற பத்தையும் விட்டிட்டு உதையோ?" என்றார் கனகசபாபதி. "மிதக்கிறது தன்பாட்டிலை நிக்கும்," என்றார் ரீச்சர்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருபத்துமூன்று பேரோடு இடம் கிடைத்தது. பத்மாவதியும் அங்கேதான் இருந்தார். சனிக்கிழமை வந்தது. வெளியே மழை. ரீச்சர் ஜக்கை ஆசிரியர் மேசையில் வைத்தார். பத்து மணியானது. ஜக் காய்ந்து கிடந்தது. பத்தேகாலுக்குக் கனகசபாபதி, "என்ரை மணிக்கூடு முந்தி ஓடுற மணிக்கூடு," என்றார். பத்து இருபதுக்கு ஜக்கின் வாய்க்கு மேலே வெறும் காற்றிலிருந்து ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. முதலாம் கோடு வந்தது. நிற்கவில்லை. இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு. மரத்திலிருந்த காயெல்லாம் பிடுங்கியிருக்கிறா மனுசி, அதுதான் சுணக்கம் என்று ரீச்சர் சொன்னார். நாலாம் கோட்டையும் தாண்டி விளிம்புக்கு வந்தபோதுதான் நின்றது.

"வினிபிரட் மாமி ஆள் திடகாத்திரமாத்தான் இருக்கிறா," என்றார் கனகசபாபதி. "அசல் சாமான்." பத்மாவதி எழும்பிப் போய் உப்பும் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்தார். வகுப்பறையில் இருந்த எல்லோருக்கும் அரைக் கோப்பைப்படி கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் பக்கத்து வகுப்பறைக்காரரும் பேணிகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். இனிமேல் உப்பு அவரவர் கொண்டுவர வேண்டும் என்று பத்மாவதி எல்லோருக்கும் சொல்லிவைத்தார்.