நான்கு அங்குலம் உயர்ந்த வண்டி

1

வாசகத் தோழரே! இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வண்டியின் அடியிலிருந்து. என் அண்ணி, தம் திருமணத்தைவிட வயதில் மூத்த ஒரு சின்ன ஜீப்பை வாங்கினார். பக்கத்துக்கு ஒரே கதவு, பின்னால் ஒன்று, பெட்டி உடல், வட்ட விளக்குகள். தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தையின் முகம் அதற்கு.

இதில் என்ன மயக்கம் என்கிறீர்களா? புதுக் காரின் பானட்டைத் திறந்து பாருங்கள். கறுப்பு மூடி ஒன்று, ‘உனக்கு இங்கே வேலையில்லை’ என்று அதட்டும். இந்தப் பழைய வண்டியில் எஞ்சினைச் சுற்றிலும் இடைவெளி, கீழே தரை தெரியும், கை நுழையும். கை நுழையும் இடத்தில்தான் உரிமை தொடங்குகிறது!

(கைதட்டலுக்கு இடம் விட்டே எழுதிப் பழகியவன். பொறுத்தருள்க.)

2

முதல் தொடக்கம்: ‘அடிமைத்தளையை உடைத்தெறிந்த ஒரு பெண்மணியின் வீரப் பயணம்’ — துண்டறிக்கை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்’ — என் கதைகளில் மட்டும் எப்படி இத்தனை மழை?

மூன்றாவது நிற்கும் என்று நம்புகிறேன். அண்ணி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சன்னலில்லாத அறையில், பிறர் விலா எலும்புகள் திரையில் மிதந்து வரும்போதெல்லாம், அவற்றினூடே ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதைக் கண்டார். விடுமுறைகளில் பட்டறைக்குப் போய் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். தகரக் கூரையின் ஓட்டைகளில் வெயில் ஒழுகியது. பாறை இடிக்காமலிருக்க உயரமான ஸ்பிரிங், அகன்ற டயர்; பின்னிருக்கைகளைக் கழற்றிய இடத்தில் பலகைப் படுக்கை. அண்ணன் தையற்காரர். அந்தப் படுக்கைக்குத் திரைகள் தைத்தார், மலைமேல் இருவரும் உறங்குவதற்காக.

3

வண்டி தரையில் இறங்கிய நாள். அண்ணன் புதுச்சட்டை போட்டு வந்தார். முன்கதவைத் திறந்தார். வலக்காலைத் தூக்கினார், முட்டி பாதியில் நின்றுவிட்டது. இடக்காலுக்கும் அதே கதி.

“ஸ்டூல் போடட்டுமாண்ணே?” என்றார், ஊரே ‘ஸ்பேனர்’ என்றழைக்கும் மெக்கானிக்.

“ஸ்டூல் போட்டு ஏறுறதுக்கு இதென்ன பரணா?”

“அப்ப கதவுக்குக் கீழ படி ஒண்ணு வெல்டு வெச்சிரலாம்.”

“படி தொங்கினா பாறையில இடிக்கும்,” என்றார் அண்ணி, யோசிக்காமல். “அப்புறம் எதுக்கு ஏத்தினோம்?”

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. அந்த முட்டிகளை எக்ஸ்ரே எடுத்தவரே அவர்தான். வண்டிக்கடியில் அங்குலம் அங்குலமாக அளந்தவர், தரைக்கும் இருக்கைக்கும் நடுவே அளக்க மறந்துபோனார்.

“அக்கா, பழைய ஸ்பிரிங் இங்கயேதான் கெடக்கு. திருப்பி மாட்டிடுவேன்.”

“மாட்டாத,” என்றார் அண்ணன். “அவ ஆசப்பட்டுப் பண்ணது.”

“நீங்க சும்மா இருங்க.”

“சும்மாதானே நிக்கிறேன்? ஏறவா முடியுது!”

4

இங்கேதான் என் பேனா மக்கர் செய்கிறது.

முதல் முடிவு: அண்ணி தனியே புறப்படுகிறார். மேடைக்கேற்ற முடிவு. நானே முதல் கைதட்டுவேன். ஆனால் திரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அண்ணனை எந்த வாக்கியத்தில் நிறுத்துவது?

இரண்டாம் முடிவு: வண்டியை இறக்குகிறார். ‘குடும்பத்துக்காகக் கொஞ்சம் இறங்கி வாம்மா’ என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களிடம் சொன்ன முடிவு. என் கையால் எழுதமாட்டேன்! (அண்ணியே அதை விரும்பினால்? அந்தக் கேள்விக்கு நான் எழுதிய ஒரு துண்டறிக்கையிலும் விடை இல்லை.)

மூன்றாவதை நான் எழுதவில்லை, அண்ணன் செய்தார். பின்கதவைத் திறந்து, இரு கைகளையும் பலகையில் ஊன்றி, எம்பி உட்கார்ந்துவிட்டார். கால்கள் அந்தரத்தில் ஆடின.

“இப்படியே பின்னாடி படுத்துக்கிட்டு வர்றேன். போற ரோட்டெல்லாம் நீ பாரு, வந்த ரோட்டெல்லாம் நான் பாக்கிறேன்.”

“சாமான் மாதிரியா?” அண்ணியின் குரல் உடைந்தது. “பக்கத்துல உக்காந்து வருவீங்கன்னுதானேங்க வாங்கினேன்.”

அவரும் எம்பி, அருகில் அமர்ந்தார். இருவர் கால்களும் தரையைத் தொடவில்லை. வெயில் மெதுவாகப் படுக்கைமேல் நகர்ந்தது. வண்டி நின்ற இடத்திலேயே எங்கோ மேலே போய்க்கொண்டிருப்பதைப் போலிருந்தது.

“மலைக்குப் போனாலும் இவ்வளவுதானே தெரியும்?” என்றார் அண்ணன்.

“பேச்ச மாத்தாதீங்க.”

தோழரே, தீர்ப்புச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இதிலிருந்து இறங்குகிறேன். இந்த இருவருக்கும் முடிவு எழுத எனக்கு உரிமையில்லை. ஸ்பேனரோ பழைய ஸ்பிரிங்கைக் கையில் ஏந்தியபடி, அவர்களைக் கலைக்க மனமின்றி, உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“நீங்களாவது சொல்லுங்க. மாட்டவா, வேணாமா?”