யாரும் கை தூக்காத பாட்டு

பட்டாசு என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. யார் வைத்திருந்தாலும் ஆளைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். அவளுக்குத் தீக்குச்சியெல்லாம் தேவையில்லை, பக்கத்தில் ஒருவர் தும்மினாலே போதும், வெடித்துவிடுவாள். அந்தச் சலவைக்கூடத்தில் வேலை அலுக்காமல் ஓடியதற்குப் பாதிக் காரணம் அவள் வாய்தான். அதை அவளே நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஹோட்டல்களின் அழுக்கெல்லாம் அங்கேதான் வந்து வெளுக்கும். கட்டடத்தின் அடித்தளம் அது. தலைக்கு மேலே குழாய்கள், எந்நேரமும் ஆவி, ஈரத் துணியின் வாடை. துவைக்கிற இயந்திரங்களை மெஷின்காரர் பார்த்துக்கொள்வார். சூடான பெரிய உருளையில் விரிப்புகளை விட்டுத் தேய்த்து எடுப்பது இஸ்திரி அக்கா. அவற்றை மடித்து அடுக்குவது பட்டாசும் நெட்டையும்.

பெரிய கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் பின்னால் நகர்ந்து, ஓர் உதறு உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நெட்டை தென்னை உயரம், பட்டாசு அவள் தோளுக்கும் கீழே. முனை சேரும்போது நெட்டை குனிவாள், பட்டாசு எக்குவாள், கையும் கையும் தொடும், முகத்துக்கு எதிரே முகம் வரும். கட்டின புருஷன்கூட நம் மூஞ்சியை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டான் என்று பட்டாசு சொல்வாள். அதற்கு நெட்டை சிரிப்பாள். அவளுடைய பேச்சு பெரும்பாலும் அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிடும். அவள் புருஷன் போன வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி இருக்கார் என்று கேட்டால் "பரவாயில்ல" என்பாள், அடுத்த விரிப்பை எடுப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் உருளையைத் துடைப்பதற்காக அணைத்துப் போடுவார்கள். அது ஆறுகிற வரை கூடம் சத்தமில்லாமல் இருக்கும். அதுதான் அவர்களுடைய பாட்டு நேரம். ஆளுக்கொரு பாட்டை முன்கூட்டியே மெஷின்காரர் செல்போனுக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் ஒரு துணித் தொட்டியைக் கவிழ்த்து, மேலே ஸ்பீக்கரை வைத்து, மாற்றி மாற்றிப் போடுவார். யார் அனுப்பியது என்று மூச்சு விடமாட்டார். மற்றவர்கள் இது யார் பாட்டு என்று ஊகிக்க வேண்டும். முடிவில் பாட்டுக்காரர் கையைத் தூக்கி, இது ஏன் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். ரேடியோவில் எந்த நிலையம் வைப்பது என்று நடந்த ஒரு சண்டையைத் தீர்க்க மெஷின்காரர் கண்டுபிடித்த வழி இது.

விளையாட்டாக ஆரம்பித்தது வேறு எங்கோ போய்விட்டது. மாமியார் வீட்டை விட்டு வந்த அன்று பஸ்ஸில் ஓடிய பாட்டை இஸ்திரி அக்கா ஒரு வாரம் போட்டாள். "அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள அழுது முடிச்சிட்டேன். அதுக்கப்புறம் அந்த ஆளுக்காக ஒரு சொட்டு விடல" என்றாள். மெஷின்காரர் பரீட்சையில் தோற்ற நாளில் அவருடைய அப்பா திட்டாமல் சமையலறையில் முணுமுணுத்த பாட்டைப் போட்டார். பட்டாசு எப்போதும் குத்துப் பாட்டுதான். ஏன் பிடிக்கும் என்று கேட்டால், "இடுப்பு தானா ஆடுது, அதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?" என்பாள். சிரிப்பார்கள். அவளுக்கும் அது போதும். ஆனால் மற்றவர்கள் சொல்லி முடித்ததும் விழுகிற அந்த அமைதி தன் பாட்டுக்கு ஒருநாளும் விழுந்ததில்லை என்று உள்ளே ஒரு சின்னக் குறை இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவதாக வந்தது ஒரு கேலிப் பாட்டு. பழைய பாட்டு. வெளியே தள்ளிக் கதவு சாத்தப்பட்ட ஒரு புருஷன், மூக்கால் பாடுகிறான்.

"கதவைத் திறம்மா, கால் வலிக்குது… கோபம் இருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்…"

பட்டாசுக்கு இது போதாதா? "அடப்பாவமே, கால் வலியை விட இவனுக்கு மூக்கடைப்புதான் பெருசா இருக்கு. கதவு அப்புறம், முதல்ல ஒரு ஆவி பிடிக்கச் சொல்லுங்க" என்றாள். இஸ்திரி அக்கா குலுங்கினாள். பாட்டுக்காரன் பசிக்குது என்றான், பக்கத்து வீட்டு நாய் முறைக்குது என்றான். "நாய்க்கு இருக்கிற ரசனை நமக்கு இல்ல பாருங்க" என்றாள் பட்டாசு. மெஷின்காரர் மட்டும் சிரிக்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். நெட்டையின் வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. தோள் வரை வந்தது. பிறகு அங்கிருந்து கொண்டைக்குப் போய், சரியாக இருந்த ஊசியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

பட்டாசுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். புரிந்த பிறகும் அவள் வாய் நிற்கவில்லை. சிரிப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது, இஸ்திரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நாக்கு நுனியில் இன்னொன்று தயாராக இருந்தது. "இந்தப் பாட்டை அனுப்பினவங்க வீட்டுக்காரர்தான் வெளியில நிக்கிறார் போல. பாவம், திறந்து விடுங்கம்மா" என்று அதையும் சொன்னாள். நெட்டையும் சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. யாரும் கை தூக்கவில்லை. மெஷின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் எதையோ தப்பா சேத்துட்டேன் போலிருக்கு" என்றார். எந்த இயந்திரத்தில் எந்த ஹோட்டல் துணி ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். நெட்டை, "நான் இந்த வாரம் அனுப்ப மறந்துட்டேன்" என்று சொல்லி, ஊரே பாடுகிற ஒரு காதல் பாட்டைப் போடச் சொன்னாள். ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கும்ல" என்றாள்.

அன்று பிற்பகல் மடிக்கும்போது முனை சேர்ந்த ஒவ்வொரு தடவையும் பட்டாசு நெட்டையின் கழுத்தைத்தான் பார்த்தாள். அதற்கு மேலே பார்க்க முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெட்டது. அவமானம் ஈரத் துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் பிள்ளை ஏதோ சொல்லிச் சிரித்தபோது காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு, முழுக்கக் கேட்டாள். கேலிப் பாட்டுதான். இதில் நெட்டைக்கு என்ன இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம், மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஊரையே பேசித் தீர்க்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனை வந்தது. அந்த வாய்க்கு யோசனை வேறு வந்தால் கேட்கவா வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பாட்டை அவளே அனுப்பினாள்.

மெஷின்காரர் ஸ்பீக்கரை வைத்துவிட்டுச் செல்போனைப் பார்த்தார், பட்டாசைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். கதவைத் திறம்மா என்று மூக்குக் குரல் தொடங்கியது. "மறுபடியும் வந்துட்டான்டி மூக்கன்" என்று இஸ்திரி அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பட்டாசு யாரும் ஊகிக்கக்கூட இடம் கொடுக்காமல் கையைத் தூக்கினாள்.

"என் பாட்டுதான். போன வாரமும் நான்தான் அனுப்பினேன். வெக்கமா இருந்துச்சு. நீங்க கிண்டல் பண்றதுக்கு முன்னாடி நானே பண்ணிட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமே. சொன்னாள். அவளுடைய அப்பா குடித்துவிட்டு வருவாராம். அம்மா கதவைத் திறக்க மாட்டாளாம். அவர் வாசலில் உட்கார்ந்து இதைப் பாடுவாராம். உள்ளே கதவில் காதை வைத்துக்கொண்டு, திறக்கப் போன கையை அம்மா பிடித்துக்கொள்ள, இவள் நிற்பாளாம். ஒருநாள் காலையில் திறந்தபோது வாசலில் செருப்பு மட்டும் இருந்ததாம். பட்டாசின் குரல் அவளையும் கேட்காமல் உடைந்தது. இஸ்திரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூடத்தில் அமைதி விழுந்தது. இத்தனை நாள் அவளுக்குக் கிடைக்காத அந்த அமைதி. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அது இனித்தது.

அவளுடைய அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. நேற்றுக்கூடப் பல் வலி என்று போன் செய்தார்.

உருளை சூடேறியதும் நெட்டை எழுந்துபோய் விரிப்பின் முனையைப் பிடித்தாள். பட்டாசு எதிர்முனையைப் பிடித்தாள். நெட்டையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். ஒரு வாரம் கழித்து இப்போதுதான் தைரியமாக முகத்தைப் பார்த்தாள். முனையோடு முனை சேர்ந்தது.

"இந்த வாரம் நானும் அதையேதான்டி அனுப்பியிருந்தேன்" என்றாள் நெட்டை. மெதுவாகத்தான் சொன்னாள்.

முனையைக் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்தாள், பின்னால் போனாள், உதறினாள், திரும்ப நடந்து வந்தாள்.

"அவருக்குப் பேச்சு போச்சு. ஒரு வார்த்தை வராது. ஆனா பாட்டு வருது. பேச்சுக்கு மூளையில ஒரு இடம், பாட்டுக்கு வேற இடமாம், டாக்டர் சொன்னார். எல்லாப் பாட்டும் வராது. இது ஒண்ணுதான் வருது. கல்யாணமான புதுசுல நான் கோபமா இருந்தா, சிரிக்க வைக்கறதுக்கு இதைத்தான் பாடுவார்."

அடுத்த விரிப்பை எடுத்தார்கள்.

"அதுல இருக்கிற வார்த்தைதான் இப்ப அவருக்கு மிச்சம். பசிக்குது இருக்கு, கால் வலிக்குது இருக்கு. தண்ணி இல்ல. தண்ணி வேணும்னா கதவைத் திறம்மான்னு பாடுவார். டாக்டர் வந்தா நாய் முறைக்குதும்பார்."

பட்டாசுக்குச் சிரிப்பு வருகிற இடம் அது. வரவில்லை. "எனக்குத் தெரியாதுடி. போன வாரம் அப்படிப் பேசினது…"

"போன வாரம் ஒண்ணும் தப்பில்ல. சிரிக்கிற பாட்டுதானே. வீட்டுக்குப் போய் நீ ஆவி பிடிக்கச் சொன்னதை அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்கும், அது சிரிச்சுது. அதுக்கப்புறம்தான் இந்த வாரம் சொல்லிடலாம்னு தைரியம் வந்துச்சு. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. கையைத் தூக்கப் போனேன். நீ முந்திட்ட."

முனை சேர்ந்தது. நெட்டையின் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இனிமே நான் சொன்னா, உன் கதை மாதிரியே என்னோடதும் ஒண்ணுன்னு ஆயிடும். அந்தப் பாட்டைக் கேட்டா அவங்களுக்கு உங்கப்பா செருப்புதான் ஞாபகம் வரும். நீயே வெச்சுக்க."

அவள் கோபப்பட்டிருந்தால் பட்டாசு தாங்கியிருப்பாள். திட்டுக்குத் திட்டு அவளுக்குத் தெரிந்த தொழில். நெட்டை அடுத்த விரிப்பை எடுத்து, முனையைச் சரி பார்த்து, அவளுக்காகக் காத்து நின்றாள். ஒரு மனுஷியிடமிருந்து ஒரு பாட்டைத் திருடிவிட்டோம், அதுவும் அவளுக்கே உபகாரம் செய்கிற பாவனையில், என்று பட்டாசுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த அமைதி இனித்தது வேறு நினைவுக்கு வந்தது. விரிப்பின் முனையைத் தொட்டியில் போட்டாள்.

"அக்கா, அண்ணே, ஒரு நிமிஷம். நான் சொன்னது பொய். எங்கப்பா குடிக்கவே மாட்டார்."

ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு இஸ்திரி அக்கா வெடித்துச் சிரித்தாள். "கதையை விட இது நல்லா இருக்குடி."

"நிஜமா சொல்றேன். அது என் பாட்டில்ல. எங்கப்பா நேத்து போன் பண்ணார், பல் வலின்னு."

மெஷின்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டாசு எதைச் சொன்னாலும் சிரிப்பது அங்கே பழக்கம். அவள் வளர்த்த பழக்கம். அழுதுவிட்டு அதைச் சமாளிக்க இப்படி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவள் மறுபடி சொன்னாள். பொய், நான் கட்டின கதை, செருப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. இஸ்திரி அக்காவின் சிரிப்பு மெல்லக் குறைந்து நின்றது.

"அப்போ நான் எதுக்குடி அழுதேன்?" என்றாள் அக்கா. அக்கா அவளைப் பார்த்த பார்வை, கறை போகாத துணியைத் திருப்பிப் பார்க்கிற பார்வை. இனி இவள் உண்மையாகவே அழுதாலும் நம்புவதற்கு இங்கே ஆள் இல்லை.

மெஷின்காரர் உருளையை அணைத்தார். வேலை நேரத்தில் அவர் அதை அணைத்து யாரும் பார்த்ததில்லை. செல்போனை எடுத்து அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டார். கதவைத் திறம்மா என்று மூக்கன் கேட்டான், நாய் முறைத்தது, கோபத்தை நாளைக்குத் தள்ளி வைத்தான். பாட்டு முடிந்தது. முறைப்படி அவர் கேட்டார்.

"சரி. யார் பாட்டு இது?"

பட்டாசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் கண்ணாடி வளையல் இறங்கி முழங்கைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. நெட்டையின் கை தலைக்கு மேலே போய் நின்றது.

"என்னோடது" என்றாள் நெட்டை. "எங்க வீட்டுக்காரர் பாட்டு. சொல்றேன், ஆனா அழக் கூடாது. இன்னைக்கு அழுதது போதும்."

சொன்னாள். தண்ணீருக்குக் கதவு திறக்கச் சொல்வதைச் சொன்னபோது இஸ்திரி அக்காவுக்கு உதடு துடித்தது, ஆனாலும் அழவில்லை. டாக்டரும் நாயும் வந்தபோது அவளும் மெஷின்காரரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நெட்டை தன் புருஷனைப் போலவே மூக்கால் பாடிக் காட்டினாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று யாருக்கும் தெரியாது.

பட்டாசால் மட்டும் சிரிக்க முடியவில்லை. தொட்டியில் கிடந்த தன் முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெட்டை தன் முனையோடு பின்னால் நகர்ந்தாள், உதறினாள்.

"நின்னுட்டே இருக்க, வா" என்றாள்.

பட்டாசு தன் முனையைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிராமல் நடந்து போனாள்.