ஒரு சாக்குக்கு ஒரு ஆள்

வரைபடத்தில் ஒரு கோடு வரையாமல் விட்டதற்காக ஒருவனின் கை துண்டாகப் போகும் என்று சொன்னால் நம்புவீர்களா?

நான் மன்னார்க்காரன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் செயலிக்கு மாதிரி வரைய வந்தேன். எந்தத் தகவல் எங்கே போகும், எப்போது என்ன முடிவு என்று பெட்டியும் கோடுமாக நான் வரைந்து கொடுத்தால், கொழும்பில் அதை ஆண்ட்ராய்டு போனுக்கு எழுதுவார்கள். மலையில் சிக்னல் இல்லை. முடிவைப் போனே எடுக்க வேண்டும். ஒரு சாக்குக்கு ஒரு ஆள் என்று வரைந்தேன். காலை நிறுவையைவிட மாலையில் இரண்டு மடங்கு ஏறினால் திரை சிவக்கும், பெயர் பூட்டப்படும்.

ஒருத்தியின் சாக்கில் இன்னொருத்தி கொழுந்து கொட்டுவதைப் பார்த்திருந்தேன். சுமை மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். விஷயம் வேறு. பதினெட்டுக் கிலோ இல்லாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். முடியாதவளுக்கு மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முழுப்பேர் ஆக்குவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொழுந்து பறிக்கும் விதுஷாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். செயலி வந்த முதல் நாள் மாலையே அவள் பெயர் சிவந்தது.

"கள்ள நிறுவைன்னு போன் சொல்லுது," என்றார் சுப்பர்வைசர் கணபதி. "இன்னைக்கு ஒனக்குப் பேரே கெடையாது."

"நாங்கதாங்க போட்டோம். புள்ளத்தாச்சி," என்றாள் கூடப் பறிக்கும் பெரியாயி.

"வயித்துல இருக்கறதையும் தராசுல ஏத்துனீங்களா?"

சிலர் சிரித்தார்கள். விதுஷா சாக்கைப் பிடித்து இழுத்தாள். கணபதி தள்ளினார். தராசின் இரும்புக் காலில் வயிறு மோத விழுந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு ரத்தத்தில் நனைந்தது.

பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜெயரூபன் கூச்சல் கேட்டுக் கத்தியோடு ஓடிவந்தான்.

"எவன்டா தள்ளுனது?"

கணபதி போனை நீட்டினார். "எம்மேல தப்பில்லடா. இந்தா, இதுதான் பூட்டுச்சு. இத வரைஞ்சவன் அந்தா நிக்கிறான்!"

வெட்டு மணிக்கட்டில் இறங்கியது. போனைப் பிடித்தபடியே கை தேயிலைக்குள் விழுந்தது. கணபதி அலறவில்லை. குனிந்து கையைத் தேடினார். அடுத்த வெட்டு தோளில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அலறினார்.

ஜெயரூபன் என்னிடம் வந்தான்.

"நீயா வரைஞ்ச?"

"ஆமாம்."

கத்திப்பிடியால் வாயில் அடித்தான். மூன்று பல் போனது. மறுபடி ஓங்கியவனைப் பெரியாயி பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். "பொண்டாட்டியத் தூக்குடா மொதல்ல!"

மறுநாள் காலை பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தே பிறந்தது. பிள்ளையைப் பார்க்க ஜெயரூபனைப் பொலிஸ் விடவில்லை.