வாசல் வரைக்கும் ரோடு

ஞானமணி நகர் கடைசித் தெருவுக்கு ரோடு வந்ததே அருள்மேரி டீச்சரால்தான். இதைத் தெருவில் ஒருத்தரும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் பின்னாளில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வடவாற்றைத் தாண்டி இருக்கும் அந்த நகர் ஒரு காலத்தில் குறுவையும் தாளடியும் விளைந்த நஞ்சை. மனை போட்டு விற்றவர்கள் தெரு என்று கோடு கிழித்து, மேலே கொஞ்சம் தாரை ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். தார் சீக்கிரமே பெயர்ந்து தெரு பூராவும் குண்டும் குழியுமாகிவிட்டது. போன வருஷம் ஐப்பசி மழையில் அருள்மேரியின் கணவர் பெரியநாயகசாமிக்கு வாய் கோணி, பேச்சுக் குழறியபோது, ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சேற்றில் இறங்கினால் வண்டி சிக்கிக்கொள்ளும் என்றார் டிரைவர். காலமெல்லாம் கும்பகோணம் பஸ் ஓட்டிய மனுஷரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் வழுக்கி வழுக்கித் தூக்கிப்போனார்கள். உயிர் தப்பியது, வலப்பக்கம் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையைக் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பவும் வரலாம், அப்போது தாமதிக்காதீர்கள் என்றும் சொன்னார். அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்துக்கொண்டது. அடுத்த தடவை வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசாங்கம் போடும் என்று ஒரு திட்டம் இருந்தது. அதைச் சொன்னவள் எழில்மொழி, ரோடு வேலை பார்க்கும் இளம் என்ஜினியர். அன்றே அருள்மேரி குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கிவிட்டாள். அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையால் சோறு தின்றவை. அவளிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தூரத்தில் குடையைக் கண்டதும் டிவியை அணைத்துவிட்டு, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி அடங்கிக் கிடந்தவர்களும் உண்டு. அவர்கள் படியில் போய் உட்கார்ந்து வாங்கினாள்.

கால் தேய நடந்தும் பணம் முழுசாகச் சேரவில்லை. என்ன செய்வது என்று கேட்க, சாமிதுரை வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். சாமிதுரை நலச்சங்கத் தலைவர். கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, நெல் கொள்முதலில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்.

எழில்மொழி நின்றபடியே விளக்கினாள். "பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துட்டு, ஓரத்துல வடிகால் கட்டி, அப்புறம் சிமெண்ட் போடணுங்க. அதுக்கு இந்தக் காசு பத்தாது. பழசு மேலயே போட்டா பத்தும். ஆனா தெரு ஒசந்துடும். வீடெல்லாம் பள்ளமாயிடும்."

"ஒசரட்டுமேம்மா," என்றார் சாமிதுரை. "எதிர்த் தெருக்காரன் போன வருஷமே ஒசத்திட்டான். அவன் தண்ணி பூரா நம்ம தெருவுக்குத்தான் வருது. பக்கத்து வரப்பு ஒசந்தா நம்ம வரப்பையும் ஒசத்தினாத்தானே பயிரு தப்பும்?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அத்தனை பேரும் வயலில் கால் வைத்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வரப்பின் மேல் யாரும் குடியிருப்பதில்லை, வயலுக்குள்தான் குடியிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் ஒருத்தர் புத்தியிலும் உறைக்கவில்லை.

எழில்மொழி அருள்மேரியைப் பார்த்தாள். "கடைசி வீடு உங்க வீடுதாம்மா. எல்லாத் தண்ணியும் அங்கதான் வந்து இறங்கும். நீங்க வேணாம்னா சொல்லுங்க, அடுத்த வருஷம் முழு நிதிக்கு எழுதிப் போடறேன்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவரு இருக்கணுமேம்மா," என்றாள் அருள்மேரி. "தண்ணி வந்தா எறச்சுக்கறேன். வண்டி வரட்டும்."

முதல் கையெழுத்து அவள்தான் போட்டாள்.

ஆனியில் ரோடு வந்தது. பெரியநாயகசாமியைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிவந்து காட்டினாள். பஸ் ஓட்டின கண் அல்லவா, அந்த வழவழப்பைப் பார்த்துவிட்டு அவர் அழுதார். வீட்டுப் படி முன்பு தெருவிலிருந்து ஏறுவதற்கு இருந்தது, இப்போது இறங்குவதற்கு ஆகியிருந்தது. அதை அன்றைக்கு அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி போனதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் சிமெண்டால் மேடு கட்டிக்கொண்டார்கள். சக்கர நாற்காலி ஏறாது, ஸ்ட்ரெச்சர் தடுக்கும் என்று அருள்மேரி மட்டும் கட்டவில்லை.

வயலில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்று ஜில்லாவே புலம்பும். தெருவில் கடைமடைக்குத்தான் எல்லாத் தண்ணீரும் வந்து சேர்ந்தது. அந்த ஐப்பசியில் ஒவ்வொரு மேடாகத் தட்டி, தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அவளுக்கு அடுத்த வீடு இல்லை. காலையில் தரை நனைந்தது, சாப்பாட்டு நேரத்துக்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தபோதே பெரியநாயகசாமியின் கண் ஒரு பக்கமாகச் செருகியது.

போன் போட்டாள். வண்டி பறந்து வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தும் ரோட்டின் மேல் ஒரு துளி தேங்கவில்லை. சங்கு ஊதிக்கொண்டு நேரே வாசலில் வந்து நின்றது.

"வந்துருச்சுங்க. நம்ம வாசல்லயே நிக்குது," என்று அவர் காதில் சொன்னாள். அவர் முகத்தை அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்பினார்.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தண்ணீருக்குள் உருளவில்லை. தூக்கத்தான் வேண்டியிருந்தது. படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முன்னால் பிடித்தவர் சறுக்கினார். சாமிதுரை வேட்டியோடு பாய்ந்து வந்து தோள் கொடுத்தார். ஒருமுறை ஏற்றி, சரிந்து, திரும்ப உள்ளே இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். ரோட்டில் கொண்டுபோய் வைத்தபோது, கூட வந்த நர்ஸ் அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அருள்மேரியின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அருள்மேரி அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து மகள் லின்சி வந்தாள். சாமிதுரையும் இன்னும் சிலரும் விடியலிலிருந்தே வீட்டுக்குள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியைச் சாமிதுரை வீட்டு வாசலில்தான் வைத்திருந்தார்கள், இவள் வீட்டில் வைக்க உலர்ந்த இடம் இல்லை. சவப்பெட்டியை ஏற்ற மாதாகோயில் வண்டி சுலபமாகத் தெருவுக்குள் வந்து நின்றது. அருள்மேரி தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமிதுரைக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நீங்க போட்ட ரோடு டீச்சரம்மா," என்றார். "பாருங்க, வண்டி வாசல் வரைக்கும் வந்துருச்சு."

"ஆமாண்ணே," என்றாள் அருள்மேரி. "வந்துருச்சு."

வண்டிக்குப் பின்னால் நடக்க அவள் தன் வாசலிலிருந்து மேலே ஏற வேண்டியிருந்தது. முடியவில்லை. லின்சி மேலே நின்று கை கொடுத்து இழுத்துவிட்டாள்.