கருப்பில் ஒரு கரண்டி அரக்கு

இத்தனை வருஷத்தில் கலியாணசுந்தரம் சாயம் போட்ட எதுவும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இது பார்த்தது. பார்த்ததோடு விட்டாலும் பரவாயில்லை, கழுத்தை நீட்டி அவர் இடுப்பு மடிப்புக்குள் மூக்கை நுழைத்து எதையோ தேடியது. அங்கே வெற்றிலைப் பொட்டலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் அவருடைய வேட்டி படபடத்தது.

"அய்யே, இன்னாப்பா இது, மேல வுழுது?" என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

"ஒன்னியும் பண்ணாது மேஸ்திரி. நல்லாப் பழகின குதிரை" என்றான் ராஜவேலு. டெரிலின் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் கார் கதவில் சாய்ந்து நின்றான். திருப்புட்குழி மாந்தோப்பில் அவர்களைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை.

போன வாரம் பிள்ளையார்பாளையத்தில் இவரைத் தேடிக்கொண்டு வந்தபோது, தான் சினிமாக் கம்பெனி ஆள் என்று ராஜவேலு சொல்லியிருந்தான். கதாநாயகன் ஏறி வரக் கருங்குதிரை வேண்டுமாம். பட்டணம் பூராவும் தேடியும் கிடைக்கவில்லையாம். இந்தப் பழுப்புக் குதிரையை அமாவாசை மாதிரி ஆக்கித் தர வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது, விட்டால் இன்னொரு கம்பெனிக்காரன் கதையைத் திருடிவிடுவான். வேறு யாராவது இருந்தால், மேக்கப் போடவே ஆள் வைத்திருக்கிற சினிமாக்காரன் பட்டுச் சாயக்காரனிடம் ஏனப்பா வருகிறாய் என்று கேட்டிருப்பார்கள். கலியாணசுந்தரம் கேட்கவில்லை. புதுப்படம் எது வந்தாலும் முதல் நாளே கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். கரும்பு தின்னக் கூலியா என்று ஒப்புக்கொண்டார். பெண்டாட்டி நீலாம்பாளிடம் மட்டும் சொன்னார். அவளிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"குதிரை முடியில நம்ம சாயம் புடிக்குமா?" என்று அவளைத்தான் கேட்டார்.

"பட்டு பூச்சி குடுத்தது. முடியும் உசுரு குடுத்ததுதான். புடிக்காம எங்க போவுது?" என்றாள் அவள். "ஒடம்பு பொத்துப் போவாம வெதவெதன்னு போடுங்க. பாவம், வாயில்லாத ஜீவன்."

அவர்கள் வீட்டில் சாயம் காய்ச்சுகிற கொப்பரைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுத்தக் கருப்பு அதில் இறங்கக் கூடாது. இங்கிருந்து போகிற நூல் எந்தப் பெண்ணின் மேல் முகூர்த்தப் புடவையாக ஏறப்போகிறதோ, அந்தக் கொப்பரையில் துக்கத்தின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கலாமா? கருப்புக் கரை கேட்டு யாராவது வந்தால், கொதிக்கும்போது ஒரு கரண்டி அரக்குச் சிவப்பைச் சேர்த்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கருப்பு. கருப்பில்லை என்று சாமிக்குத் தெரியும், அது போதும். குதிரைக்குச் சாயம் கொதித்த அன்று, அப்பழுக்கில்லாத கருப்பாக இருக்க வேண்டும் என்று ராஜவேலு படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், நீலாம்பாள் விறகெடுக்கப் போன நேரம் பார்த்துக் கலியாணசுந்தரத்தின் கை தானாகப் போய் ஒரு கரண்டி அரக்கை ஊற்றிவிட்டது. சினிமாக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது, படமே கருப்பு வெள்ளை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

தோப்பில் வேலை மத்தியானம் வரைக்கும் இழுத்தது. பழைய வேட்டித் துணியைச் சாயத்தில் நனைத்து முதுகு, வயிறு, கால் என்று ஒத்தி ஒத்திப் போட்டார். குதிரைக்கு இது ஏதோ உபசாரம் என்று நினைப்பு போலிருக்கிறது, கண் சொக்கி நின்றது. நெற்றியில் மட்டும் வெற்றிலை வடிவில் ஒரு வெள்ளை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். இவ்வளவு லட்சணமானதை மறைக்க மனசு வரவில்லை.

"இத்த மட்டும் வுட்டுடலாமாப்பா? அழகா கீது."

"அத்த மறைக்கத்தானே மேஸ்திரி உன்னைக் கூட்டியாந்ததே" என்று சொல்லிவிட்டு ராஜவேலு சிரித்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் ஒரு வாரம் கலியாணசுந்தரத்தின் கால் தரையில் பாவவில்லை. படம் வந்தால் எந்த வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது என்றெல்லாம் நீலாம்பாளோடு விவாதம் நடந்தது. ஒரு காலையில் எல்லம்மாள் வந்து நின்றாள். அடுத்த தெருவில் இருப்பவள், இவர்களிடம் நூல் வாங்கிப் போய்ச் சுற்றிக் கொடுக்கிறவள். அவள் புருஷன் தர்மன் பட்டணத்தில் ஒரு மில் முதலாளி பங்களாவில் குதிரைக்காரன். பெரிய மனிதர்கள் குதிரையேறிக் கட்டைகளைத் தாண்டுகிற பந்தயத்தில் தன் புருஷன் வளர்த்த குதிரைதான் வருஷா வருஷம் கோப்பை வாங்கும் என்று அவள் பேச ஆரம்பித்தால், நீலாம்பாள் உம் கொட்டுவாள், கலியாணசுந்தரம் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். அன்றைக்கு அவள் சுற்றாத நூலை அப்படியே கொண்டுவந்து கீழே வைத்தாள்.

"நூலை வெச்சுக்கோக்கா. நான் பட்டணம் போறேன். அவரைப் போலீஸ் புடிச்சுக்கினு பூட்ச்சு."

"ஐயோ! இன்னாடி சொல்ற?"

"குதிரையைக் காணோம்க்கா. இவருதான் காசு வாங்கிக்கினு ஓட்டி உட்டுட்டாராம். சோறு தண்ணி இல்லாம அதுக்காக அழுதுக்கினு இருந்த மனுசனப் போயி அடிக்கிறாங்களாம்." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "இவரு மடியில எப்பவும் வெல்லம் வெச்சிருப்பாரு. வந்ததும் வராததுமா மூக்கை உட்டுத் தேடும். நெத்தியில வெத்தலையாட்டம் வெள்ளை. அந்தக் குதிரையை வித்துடுவாராக்கா அவரு?"

கொப்பரைக்குப் பின்னால் கலியாணசுந்தரம் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி, வாய் விட்டு அலறவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொதி மேலே வந்து வழிந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. நீலாம்பாள் பார்த்தாள். கொதியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், எல்லம்மாளைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புக்கு ஓடினார். குதிரை இல்லை. காய்ந்த சாணமும் கருப்பு தெறித்த கற்களும்தான் கிடந்தன. திரும்பி வந்தால் வாசலில் கார் நின்றது. ராஜவேலுவுக்கு இன்னும் ஒரு பாட்டில் சாயம் வேண்டுமாம். நெற்றியில் முடி வளர்ந்து அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறதாம்.

"அது மில்காரர் வூட்டுக் குதிரைதானே?" என்றார் கலியாணசுந்தரம்.

ராஜவேலு கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தான். "தெரிஞ்சுக்கினியா? நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம அதே மைதானத்துல அது எங்க முதலாளி குதிரையாத் தாண்டப்போவுது. கோப்பைய வாங்கிட்டா அப்புறம் யாரு கேக்கறது? நீ வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போறது நீதான். நான் தொட்டனா? சாயம் உன்து, கை உன்து."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ராஜவேலு என்கிற இந்த நுணல் கெடுவதற்கு முன்னால் கலியாணசுந்தரத்தைக் கெடுத்துவிடும் போலிருந்தது. பாட்டிலைக் கொடுத்தனுப்பிவிட்டு உள்ளே வந்து, உலர்ந்துகொண்டிருந்த மஞ்சள் நூலுக்கு நடுவில் உட்கார்ந்தார். போலீஸ் ஏறிய வீட்டு நூலை எந்த நெசவாளி முகூர்த்தப் புடவைக்கு வாங்குவான்? ஊரில் சாயக்காரனுக்கா பஞ்சம்? நாளைக்கே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவருக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில், அவருக்கென்று இருப்பது இந்த ஒரு பெயர். அதே நேரம் தர்மன் எங்கோ அடி வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"நான் இன்னாத்தக் கண்டேன் நீலா? சினிமான்னான், நம்பினேன்" என்றார். "பேசாம இருந்துட்டா?"

நீலாம்பாள் நூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருந்துடலாம். எல்லம்மா திரும்பி வந்து நூல் கேட்டா நான் எந்தக் கையால எடுத்துக் குடுக்கட்டும், அத்த மட்டும் சொல்லுங்க."

அவள் கொடியிலிருந்து அவருடைய வெளுத்த சட்டையை எடுத்து வந்தாள். "மாத்திக்கினு வாங்க. நானும் வரேன். ஒத்தையா போனா நீங்க பாதி வழியில டீ குடிக்க உக்காந்துடுவீங்க" என்றாள். அது உண்மைதான்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். குதிரைக்குச் சாயமா, யானைக்குப் பட்டுப்புடவை கட்டவில்லையா என்றார். சிரித்து முடித்துப் பட்டணத்துக்கு டெலிபோன் போட்டதும் அவர் முகம் மாறியது. ஞாயிறு பந்தயத்துக்குப் புதிதாக ஒரு கருங்குதிரையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கலியாணசுந்தரத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். யாரும் ஏறச் சொல்லாமலேயே நீலாம்பாளும் ஏறிக்கொண்டாள். இறங்கு என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்குத் துணிச்சல் வரவில்லை.

மைதானத்தில் பந்தலுக்கடியில் பட்டணத்துச் சீமாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீலாம்பாளுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை, புடவைதான் தெரிந்தது. "அந்த மயில்கழுத்து நம்ம வூட்டுதுங்க" என்று மெல்லச் சொன்னாள். அந்த நேரத்திலும் கலியாணசுந்தரத்துக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

கருங்குதிரை கொட்டகை நிழலிலிருந்து வந்தது. நிழலில் அது அமாவாசைதான், ராஜவேலு கேட்ட மாதிரியே. வெயிலில் கால் வைத்து, நடந்து, ஓடி, முதல் கட்டையைத் தாண்ட எழும்பியபோது அதன் விலாவெல்லாம் அரக்காகப் பூத்தது. கல்யாண வீட்டுக் கூறைப்புடவையை யாரோ உதறிப் பிரித்தாற்போல இருந்தது. பந்தலில் ஒரு அம்மாள் கையை நீட்டிக் காட்டி என்னவோ கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இவ்ளோ செவப்பு எப்படி வந்துது?" கலியாணசுந்தரம் திகைத்துப்போனார். "நான் ஒரு கரண்டிதானே போட்டேன்?"

நீலாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போட்டீங்களா? நீங்க போட மாட்டீங்க, சினிமா மயக்கத்துல இருக்கீங்கன்னு நானும் ஒரு கரண்டி போட்டேங்க."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் சிரிக்கிறோம் என்ற வெட்கமும் கூடவே வந்தது. இன்ஸ்பெக்டர் முறைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ராஜவேலு இவர்களைப் பார்த்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றி, தன் தொண்டையில் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"இன்னாய்யா, அதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்கால பஸ்ஸில் ஊர் போய்ச் சேரலாம். நீலாம்பாளின் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"அதான் சார். அது என் கைச் சாயம்."

குதிரையை நிறுத்தினார்கள். அவரே போய் நெற்றி முடியை விலக்கிக் காட்டினார். மறுபடி பூசிய சாயத்துக்கும் அடியில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. குதிரை அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவருடைய இடுப்பு மடிப்பை முகர்ந்தது. கார் ஏறப் போன ராஜவேலுவை மடக்கிவிட்டார்கள். அவனுடைய முதலாளி யாரோ ஒரு பெரிய அதிகாரியின் காதில் பேசிக்கொண்டே கூட்டத்தோடு கரைந்துபோனார்.

தர்மனை அடைத்து வைத்திருந்த ஸ்டேஷனிலேயே கலியாணசுந்தரத்தை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அவர் சாட்சியா கூட்டாளியா என்று கோர்ட்டு சொல்லுமாம், அதுவரைக்கும் உள்ளே இருக்க வேண்டுமாம். நீலாம்பாளும், பட்டணம் வந்த நாளிலிருந்து அங்கேயே காத்துக் கிடக்கிற எல்லம்மாளும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒருத்தியின் புருஷன் வெளியே வருவதற்கும் இன்னொருத்தியின் புருஷன் உள்ளே போவதற்கும் ஒரே கதவு, ஒரே கான்ஸ்டபிள். எல்லம்மாள் நீலாம்பாளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் தர்மன் வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, நடை கோணியது. இவர் யார் என்று கான்ஸ்டபிள் சொல்லியிருக்க வேண்டும், கலியாணசுந்தரத்தின் எதிரில் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றுதான் இவர் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தார்.

"நெத்திக்குப் போட்டீங்களே" என்றான் தர்மன். "கண்ணுல கிண்ணுல வுழுந்துடலையே?"

கலியாணசுந்தரம் தலையை நிமிர்த்தினார். "இல்லப்பா. ஒரு கையால கண்ணைப் பொத்திக்கினுதான் போட்டேன். உள்ளங்கையில இமை அடிச்சுக்கினே இருந்துது."

தர்மன் அந்தக் கையைப் பிடித்து விரித்தான். ரேகையெல்லாம் சாயம் ஏறிய கை. அதை மூக்கருகில் கொண்டுபோனான். காலையில் நெற்றி முடியை விலக்கிய விரல்களில் குதிரையின் வாடை இன்னும் இருந்தது. "ம், நடங்க நடங்க" என்றார் கான்ஸ்டபிள். தர்மன் கண்ணை மூடிக்கொண்டு, கையை விடாமல், இன்னொரு முறை இழுத்து முகர்ந்தான்.