ஹினெக்கின் நிலா

ஹினெக் இறந்த பிறகும் அவனுடைய நிலா ஓடிக்கொண்டிருந்தது.

உருகிய குழம்பாகப் பிறந்த நிலா இன்றுவரை உள்ளுக்குள் எப்படி ஆறியது என்று பார்க்க, பிராக் பல்கலைக்கழகக் கணினியில் அவன் தொடங்கிவைத்த கணக்கு. மாதக்கணக்கில் ஓடும். அவன் மனைவி ரத்மிலாவுக்கும் அதே மாடியில்தான் வேலை. காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தைத் திறப்பாள். நடுவில் சிவப்பு. இன்னும் சூடு இருக்கிறது.

கணினிக்குப் பொறுப்பான போஹுமில் வாசலில் வந்து நின்றார்.

“ரத்மிலா, அவன் பேர்ல ஓடுறத மூடச் சொல்லி மேலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. பசங்க வரிசையில நிக்கிறாங்க.”

“முடியட்டும்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். உயிரோட இருந்தப்பவும் பாதி மெஷினை அவன்தான் வளைச்சுப் போட்டுக்குவான், களவாணிப்பய.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “சரி, முடிஞ்சா கசகசா பன் யாரு வாங்குறது?”

கணக்கு முடிந்தவர் எல்லாருக்கும் பன் வாங்கிவர வேண்டும் என்பது அந்த மாடியின் வழக்கம்.

“நான் வாங்குறேன்.”

எப்போது முடியும் என்று பார்க்கத்தான் அவன் எழுதிய நிரலைத் திறந்தாள். நிலவின் மேலே உடைந்து தூளான பாறை, கம்பளிபோல் உள்சூட்டைக் காக்கும். ஹினெக் அதை எழுதிச் சேர்த்திருந்தான். மேலோட்டுக்காக அவள் எழுதிக் கொடுத்த பகுதியில் அது ஏற்கெனவே இருந்தது. ஒரே பாறை இரண்டு முறை சேர்ந்திருந்தது; இரண்டு கம்பளி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து, அவளை எழுப்ப வேண்டாமென்று, தானே அவசரமாக இணைத்திருக்கிறான்.

அங்கே அவனுக்கு எப்போதும் குளிரும். அவளும் இரண்டுதான் போர்த்திவிடுவாள்.

எவ்வளவு ஓடினாலும் இந்த நிலா சரியாக ஆறாது. வேறு யாருடையதாக இருந்தாலும் அப்போதே நிறுத்தியிருப்பாள். தப்பான கணக்கை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது ஹினெக்குக்குப் பிடிக்காது.

மதியம்வரை சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். நிறுத்தினாள்.

மறுநாள் பன் பெட்டியை மேசையில் வைத்தாள். போஹுமில் எட்டிப் பார்த்தார்.

“ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு.”

நிறுத்தப்பட்டது என்று அவர் திரையில் வந்திருக்கும். அவர் ஒரு பன்னை எடுத்தார்.

“நல்லாருக்கு” என்றார், கடிப்பதற்கு முன்பே.