மாலை கழற்றும் நாள்

தங்கராஜ் குருசாமிக்கு வடக்கே கசார்வாடியில் பாத்திரக்கடை. விற்ற பாத்திரத்தைத் திரும்ப எடுக்காத கடை. தங்கை பவுனின் புருஷன் ஜெகதீசனுக்கு மாலை போட்டுத் திருத்திய பிறகு, அவனையும் பழுதில்லாத சரக்கு என்றே கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுப் போட்டுக் கை நரம்பெல்லாம் கருகிப்போனவன், ஒரு மண்டல விரதத்தில் போதைப் பொட்டலத்தைத் தொடவேயில்லை. மலைக்கும் போய்த் திரும்பிவிட்டான். இன்று சாயங்காலம் மாலையைக் கழற்றிப் பாயசம்.

பவுனுக்கும் சந்தோஷம்தான், காய் வாங்கப் போன பாஜி மார்க்கெட்டில் சந்துருவைப் பார்க்கிறவரைக்கும். பாலத்தடியில் பொட்டலம் விற்கிறவன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"அண்ணி, சாமி எப்ப மாலை கழட்டுறார்?"

"உனக்கெதுக்குடா?"

"மாலை போட்டவருக்கு நான் சரக்கு குடுக்கமாட்டேன் அண்ணி, பாவம். நமக்கும் பக்தி இருக்குல்ல? கழட்டினதும் சொல்லுங்க. பழைய அளவைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

பவுன் கூடையோடு நேரே ஜெனிபரிடம் போனாள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற மையத்தில் வேலை பார்க்கிற பெண். புத்தி சொல்லமாட்டாள், விஷயத்தைச் சொல்வாள்.

"அந்தப் பழைய அளவுதான்க்கா ஆபத்து. இத்தனை நாள் விட்டதுல உடம்புக்குப் பழக்கம் போயிருக்கும். அன்னிக்குத் தாங்கினது இன்னிக்கு மூச்சை நிறுத்திடும். நிறையப் பேர் விட்ட பிறகுதான் சாகுறாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் குருசாமி குதித்தார். "திருந்தினவனுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? ஐயப்பனுக்கே காரண்டி கார்டு கேக்குறா பாரு அந்தப் பொண்ணு!"

மூலையில் இருந்த ஜெகதீசன் மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். "பவுனு, இதைக் கழட்ட வேணாம்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

பவுனும் அதே கடைக்காரர் வீட்டுப் பெண்தானே. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "சாமியே வாய் திறந்து கேட்டாச்சு. மாலையில இருக்கிறவர் கேட்டதை இல்லேங்கிற தைரியம் இருக்காண்ணே?"

இல்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் கறுப்பு வேட்டியோடு நின்றான். "சாமி, நீங்க முன்னாடி போங்க" என்று ஆளுக்கு ஆள் வழிவிட்டார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, குறைந்த அளவில், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எழுதினார். மூச்சு நின்றால் உடனே போடவேண்டிய மருந்தைப் பற்றி ஜெனிபர் பவுனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

குருசாமி நர்ஸிடம் பேரத்தில் இறங்கியிருந்தார். "மொத்தமா குடுத்துடுங்க சிஸ்டர், கொண்டுபோயிடறோம்."

தினமும் வரவேண்டும், கண்ணெதிரில்தான் போடவேண்டும் என்றாள் நர்ஸ், இந்தியில்.

"எத்தனை நாளைக்கு? ஒரு மண்டலம் போதாதா?"

நர்ஸுக்கு மண்டலம் புரியவில்லை. பவுனுக்குப் புரிந்தது.

"ஏண்ணே, மலைக்கு ஒரு தடவை போனா போதாதா? நீங்க ஏன் வருஷா வருஷம் போறீங்க?"

ஜெகதீசன் நர்ஸ் முன்னால் போய், நாக்கை மேலே மடித்து, மாத்திரைக்கு வாயை அகலத் திறந்து நின்றான்.